ரோலருக்குக் கீழே ஈரம்

இந்த ஈரம் எங்கேர்ந்து வந்துது. வண்டி கழுவினது ஆறு மணிக்கு. இப்போ எட்டே கால். பின்சக்கரம் ரெண்டுத்துக்கும் கீழ தரை காஞ்சி வெளுத்துப் போய்க் கிடக்குது, பக்கத்துல நிக்கிற டிப்பர் லாரிகிட்ட பொட்டு ஈரம் இல்ல, இந்த ரோடு ரோலரோட முன் உருளைகிட்ட மட்டும் ஒரு பாய் விரிச்ச அகலத்துக்கு ஈரம், அங்கேர்ந்து வடிகால் வரைக்கும் ஒரு தடம். கழுவின தண்ணி இவ்ளோ நேரமா காயாம நிக்கும். நிக்கும்டா, ஏன் நிக்காது, உருளை நிழல் விழுது, நிழல்ல ஈரம் நிக்கத்தான் செய்யும். நிழல் மேற்கால விழுது. ஈரம் கிழக்கால இருக்குது, பட்டவெயில்ல. சரி, ஆரம்பிச்சிட்டியா தணிகாசலம். எவனாவது கை கால் கழுவியிருப்பான். டீ கிளாஸ் அலம்பி ஊத்தியிருப்பான். ஒரு பாய் அகலத்துக்கு எத்தனை டீ கிளாஸ்டா அலம்புவான். போதும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பு. அதோ பிளேனு நிக்குது, பின்னாடி வாயைத் தொறந்துகினு, சரிவுப் பலகையைத் தரையில இறக்கிக்கினு, ஒன்பதே முக்காலுக்குள்ள ரோலரும் டிப்பரும் அதுக்குள்ள இருக்கணும், பத்து மணிக்கு அது கிளம்பணும், பதினொண்ணுக்கு மேல மலைப் பள்ளத்தாக்குல காத்து எழும்பிடும், அப்பால எவன் பிளேனும் அங்க இறங்காது. அவ்ளோதான் கணக்கு. இதுல ஈரத்தைப் பாத்துகினு நிக்கிறதுக்கு எங்க நேரம்.

இருபத்திரண்டு வருஷமா பட்டாளத்துல ரோடு போடற மிஷினுங்ககூடவே குடித்தனம் நடத்தறேன், அதுல ஒன்பது வருஷம் இந்த வேலை, மிஷினைப் பிளேனுக்குத் தயார் பண்ணி அனுப்பற வேலை. பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பற மாதிரிதான். கழுவணும், டயர்ப் பல் இடுக்குல மண்ணு ஒரு சிட்டிகை இருந்தாக்கூட பிளேனுல சரக்கு ஏத்தறதுக்குப் பொறுப்பான லோடுமாஸ்டர் திருப்பி அனுப்பிடுவான். டீசலைக் கால் டாங்கிக்கு இறக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டி டேப் சுத்தணும். மேல்கூரை உயரம் இடிக்கும், அதைக் கழட்டித் தனியா கட்டணும். ரோலரா இருந்தா முன் உருளைக்குள்ள பாரத்துக்காக ரொப்பி வெச்சிருக்கிற தண்ணியை இறக்கிடணும், மேல மலை முகாமுக்குப் போய் உறைஞ்சா உருளை வெடிச்சிடும். இதெல்லாம் முடிச்சப்புறம் எடை மேடை. முன்பக்கம் எவ்ளோ, பின்பக்கம் எவ்ளோ, தனித்தனியா எழுதி, பாரம் சரிசமமா நிக்கிற எடம் எதுன்னு கண்டுபுடிச்சி வண்டி விலாவுல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பாத்துதான் லோடுமாஸ்டர் பிளேனுக்குள்ள வண்டியை எந்த எடத்துல நிறுத்தறதுன்னு முடிவு பண்ணுவான், அதை நம்பித்தான் பைலட்டு மூக்கைத் தூக்குவான். கோடு போட்டவன் நான். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு, முன்னால நாலாயிரத்து நூறு, பின்னால அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம், ஆக மொத்தம் பத்து டன்னு. ரொம்ப முழு எண்ணா இல்ல இருக்குது. முழு எண்ணா இருந்தா தப்பா. பத்து டன்னு ரோலருன்னு அதும் நெத்தியிலயே எழுதியிருக்குது. பத்து டன்னு தண்ணியோடவா, தண்ணி இல்லாமயா. ஐயோ சாமி, வேணாம். அந்தப் பக்கம் போவாத.

நேத்து தண்ணி இறக்கினோமே. நான் நின்னு பாத்தேனே. ஜெபசிங்கு, எங்க ஆபரேட்டரு, நாசரேத்துக்காரன், உருளையை நகத்தி அடைப்பு கீழ வர மாதிரி வெச்சி ஸ்பேனரால திருகித் தொறந்தான், தண்ணி பீச்சிக்கினு வந்துது, எவ்ளோ நேரம், ஒரு கால் மணி, இருபது நிமிஷம், அப்பால நூலாட்டம் மெலிஞ்சி, சொட்டு சொட்டா வந்து நின்னுது. நின்னுது இல்ல. நின்னா காலின்னுதானே அர்த்தம். அப்போ உருளையைக் கையால தட்டினேன். ஏன் தட்டினேன். பழக்கம். தொப்புன்னுச்சி. ஆமா, தொப்புன்னுதான் சத்தம் வந்துது, காலி டிரம்மு டங்குன்னு இல்ல சொல்லணும். கனமான இரும்பு தொப்புன்னுதான் சொல்லும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். நேத்து எனக்கு நானே வேற ஒண்ணும் சொல்லிக்கினேன், தணிகாசலம், இன்னிக்கி ஒரு நாள் ரெண்டாம் தடவை பாக்காம இரு, உலகம் முழுகிடாது. இருந்துட்டேன். ஒன்பது வருஷத்துல நேத்து ஒரு நாள்தான் ரெண்டாம் தடவை பாக்காம வந்து படுத்தேன், தூக்கம்கூட நல்லா வந்துது.

எனக்கு இது ஒரு வியாதி, எல்லாருக்கும் தெரியும். பூட்டின பூட்டை மூணு தரம் இழுத்துப் பாப்பேன். லீவுல போனா பொண்டாட்டி பூங்காவனம் தலையில அடிச்சிக்குவா, "நீ இழுக்கற இழுப்புக்குக் கதவே கையோட வந்துடும்யா, சும்மா வா"ன்னு பஸ் ஸ்டாப்புலேர்ந்து கத்துவா, பாதி வழியில காஸை மூடினோமான்னு நான் திரும்பி ஓடுவேன், அவ பெத்தவங்க வீட்டு விசேஷம் ஒண்ணுக்காவது நேரத்துக்குப் போனது கிடையாது. இங்க பசங்களும் முதுகுக்குப் பின்னால சிரிக்கிறானுங்க. சிரிச்சிக்கினு போங்கடா, எனக்கு இன்னா. அப்படித்தான் இருந்தேன் போன மாசம் வரைக்கும். போன மாசம் ஒரு புல்டோசரு, உள்ள ஏத்தி, சங்கிலி போட்டு, கதவு மூடப் போற நேரம், எனக்குப் பொசுக்குனு ஒரு சந்தேகம், ஆறுன்னு எழுத வேண்டிய எடத்துல எட்டுன்னு எழுதிட்டேனோன்னு. நிறுத்துங்கன்னு கையைத் தூக்கிட்டேன். இறக்கி, திரும்ப எடை போட்டா கிலோ பிசகாம நான் எழுதினதேதான். ஆறு ஆறாத்தான் இருந்துது. அதுக்குள்ள மணி பதினொண்ணு, காத்து வந்துடுச்சி, பிளேனு போகலை. போயிருந்தா திரும்பி வர்றப்போ பிஜுவைக் கூட்டிக்கினு வந்திருக்கும். மலை ஒத்துக்காம நுரையீரல்ல தண்ணி கோத்துகினு, கீழ இறக்கினாதான் பிழைப்பான்னு மேல படுத்துகினு இருந்தான் அந்தப் பையன். மறுநாள் விடியறதுக்குள்ள போய்ட்டான். எவனும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. டாக்டரே சொன்னாரு, வந்திருந்தாலும் சொல்ல முடியாதுன்னு. கேப்டன் தோள்ல தட்டிக்கொடுத்தாரு. அடிச்சிருந்தா தேவலை. ஜெபசிங்குதான் நாலு நாள் என்கூட பேசலை. அவனும் பிஜுவும் ஒரே நாள்ல பட்டாளத்துல சேந்தவங்க, ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அஞ்சாம் நாளு அவனே வந்து டீயை நீட்டினான். நான் வாங்கிக் குடிச்சேன். அதுக்கு மேல நாங்க அதைப் பத்திப் பேசிக்கலை.

இன்னிக்கும் ஒருத்தன் படுத்துகினு இருக்கான். அதான் விஷயம். சிவநேசன்னு வந்தவாசிப் பையன், அதே நுரையீரல்தான், ரெண்டு நாளா ஆக்சிஜன்ல வெச்சிருக்காங்க, வழியில மலை மேல மேகம் போட்டுக்கினு இருக்குது, ஹெலிகாப்டர் அதைத் தாண்டிப் போகாது, இந்தப் பிளேனுதான் ரோலரை இறக்கிட்டு அவனை ஏத்திக்கினு வரணும். இப்போ நான் போய் ஈரம்னு சொல்லி நிறுத்தவா. எதை வெச்சி. ஒரு பாய் அகலத்துக்கு ஈரத்தை வெச்சி. போன மாசம் மாதிரியே இதுவும் ஒண்ணும் இல்லாமப் போனா அந்தப் பையனோட ஆத்தா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது, என் மூஞ்சில நானே எப்படி முழிக்கிறது. நிறுத்தலைன்னா. நிறுத்தாம, கோடு தப்பா இருந்துன்னா. பிளேனுல ஆளு எத்தனை, பைலட்டு ரெண்டு பேரு, லோடுமாஸ்டரு, இன்னும் ரெண்டு பேரு, வண்டியோட போற ஜெபசிங்கு, டிப்பர் டிரைவரு. ஏழு பேரு. தரையை விட்டு மூக்கு எழும்பாம அப்படியே ஓடி ஓடி, ஓடுபாதை முடிஞ்சி, வேலி, வேலிக்கு அந்தாண்ட கோதுமை வயலு. தண்ணி பாட்டில் எங்க. தண்ணின்னு நெனைச்சாலே பயமா இருக்குது.

ஜெபசிங்கு உருளைக்குப் பக்கத்துல குந்திக்கினு சங்கிலி மாட்டற கொக்கியைத் துடைச்சிக்கினு இருந்தான். ஏற்கனவே துடைச்சதுதான். "ஏம்ப்பா, இங்க இன்னா ஈரம்?"னு கேட்டேன், சும்மா கேக்கற மாதிரி. நிமிந்து பாக்கலை. "காலையில களுவுனோம்லா அண்ணாச்சி." "கழுவினது காஞ்சி போச்சேப்பா." "உருளைக்கு மட்டும் மறுக்கா ஒரு வாளி ஊத்துனேன். சேறு இருந்திச்சு." ஒரு வாளி. சரி, ஒரு வாளி ஊத்தியிருக்கான், மண்ணு இருந்துதுன்னா ஊத்தத்தான் செய்வான், பொறுப்பான பையன். ஆனா இவன் வேலை செய்யறப்போ வாய் ஓயாம எதனா பேசிக்கினு இருப்பான், ஊர்ல சர்ச் அசன விருந்து, தங்கச்சி மாப்பிள்ளை, பனங்கிழங்குன்னு, இன்னிக்கி வாயே தொறக்கலை. நானும் ஈரத்தை விட்டு நகரலை. அவனுக்குக் கோவம் வந்துடுச்சி. "ஏன் அண்ணாச்சி கெடந்து மருகுதிய? எல்லாம் சரியாத்தான் இருக்கு. மேல ஒருத்தன் கெடக்கான், நெனப்பு இருக்கட்டும்." சுருக்குன்னு இருந்துது. இருக்குதுடா நெனப்பு. உனக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்குதா.

ஒன்பது மணிக்கு லோடுமாஸ்டர் ரத்தோர் வந்தாரு. ஆறடி ராஜஸ்தான்காரரு, மீசை, கையில பேப்பர் செருகின அட்டை. வெள்ளைக் கோட்டுகிட்ட குனிஞ்சி விரல வெச்சிப் பாத்தாரு, பேப்பரைப் பாத்தாரு, திரும்ப என்னைப் பாத்து இந்தியில கேட்டாரு, "ஹவில்தார் சாப், இன்னிக்கி நிச்சயம்தானே?" கேலியா, நெஜமா, தெரியலை. போன மாசமும் அதே ஆளுதான். நான் தலையை ஆட்டிட்டேன். ஆட்டினது நான்தான், என் தலைதான், ஆனா அது பாட்டுக்கு ஆடிச்சி. பிளேனுக்குள்ள இருக்கிற, வண்டியை இழுக்கிற வின்ச்சுலேர்ந்து இரும்புக் கயிறு வந்துது, ஜெபசிங்கு கொக்கியை மாட்டினான், உருளைக்குக் கீழ மரப்பலகை போட்டுக்கினே ரெண்டு பேரு பின்னாலயே நகந்தாங்க, வண்டி ஒரு முழம், ரெண்டு முழம் நகந்துது. நான் பக்கத்துலயே நடந்தேன். எடை சரி. நின்னு பாத்தேன். தொப்புன்னுச்சி. இருபது நிமிஷம்தான் ஓடிச்சி. போன வருஷம் இதே மாதிரி ரோலரு ஒண்ணு இறக்கினோமே, அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சி. ஒரு மணி நேரம் நின்னோம். நடுவுல மதிய சாப்பாடு முடிச்சிக்கினு வந்தப்புறமும் ஓடிக்கினு இருந்துது. அப்போ இன்னா பண்ணோம். மேல இன்னொரு அடைப்பு இருக்குது, காத்து உள்ள போறதுக்கு. அதையும் தொறந்தோம். மண்ணெண்ணெய் டின்னுல ஒரே ஓட்டை போட்டா கொஞ்சம் ஊத்திட்டு நின்னுடும் இல்ல, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாதான் கடகடன்னு வரும். நேத்து மேல அடைப்பைத் தொறந்தோமா. தொறந்தானா அவன். நான் சொன்னேனா. சொல்லலை. நான் சொல்லலையே. இருபது நிமிஷத்துல நின்னது காலியானதால இல்ல.

அப்போ நேத்து எடை போட்டப்போ தண்ணி உள்ளதான் இருந்துது. தண்ணியோடதான் எடை, தண்ணியோடதான் கோடு. இன்னிக்கி ஈரம். உருளை சரிவுப் பலகைமேல ஏறப் போவுது. நான் கீழ கிடந்த ஸ்பேனரை எடுத்தேன். எடுத்து உருளையில ஒரே ஒரு தட்டு தட்டினேன். டங்குன்னுச்சி. காலிக் குடம் மாதிரி கணீர்னு, அந்தச் சத்தம் ஓஞ்சி முடிய நேரம் ஆச்சி. ஜெபசிங்கு சட்டுன்னு நிமிந்தான். அந்த மூஞ்சியைப் பாத்ததும் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆனாலும் கேட்டேன். "எப்போடா தொறந்தே?" அவன் கண்ணு ரெண்டும் செவந்து போச்சி. "விடியக்காலம் ஆறரை இருக்கும். களுவும்போது தட்டிப் பாத்தேன், உள்ள தண்ணி கெடந்துச்சு. மேல உள்ளதையும் தொறந்து உட்டுட்டேன் அண்ணாச்சி. முக்கா மணி நேரம் ஓடிச்சு. உங்ககிட்ட சொன்னா மறுபடியும் எடை மேடைக்குத்தான் கொண்டு போவிய. அத ஒம்பது மணிக்குத்தான தொறப்பான், போயிட்டு வர ஒண்ணரை மணி நேரம். அந்தப் பய செத்துருவான். ஒரு டன்னு கொறயத்தானே செய்யிது, கூடலையே. கொறஞ்சா நல்லதுதான அண்ணாச்சி?" குறைஞ்சது முன்னாலடா, முன்னால மட்டும். கோடு ஒரு சாண் பின்னால போயிருக்கும், நாம மாத்தலை. அவனுக்கும் தெரியும். தெரியாதவன் மாதிரி கேட்டான். "உடுங்க அண்ணாச்சி," மெதுவாத்தான் சொன்னான், வின்ச்சு சத்தத்துல எனக்கு மட்டும்தான் கேட்டுது, "நானும்தான அதுல போறேன். எனக்கு ஒண்ணும் பயம் இல்ல. உங்களுக்கு என்ன?" எனக்கு பயம்டா. உன்னை நெனைச்சிதான் பயம். ஒரு சாண்ல பிளேனு விழுமா. விழாது, ஒருவேளை விழாது, ரத்தோர் எவ்ளோ பாத்தவரு, பைலட்டு சமாளிச்சிடுவான், எத்தனை பிளேனு எத்தனை தப்புக் கணக்கோட போய்ச் சேந்திருக்கும், எவனுக்குத் தெரியும். நேத்து ரெண்டாம் தடவை தட்டியிருந்தேன்னா. சொல்லாம இருந்தா எவனுக்கும் தெரியாது, பத்து மணிக்குக் கிளம்பி, ஒரு மணிக்கெல்லாம் சிவநேசன் கீழ ஆஸ்பத்திரில இருப்பான். சொன்னா நாளைக்கி. நாளைக்கின்னா அவனுக்கு ஒரு ராத்திரி. போன தடவை அந்த ஒரு ராத்திரிதான். உருளை சரிவுப் பலகையைத் தொட்டுது, மரப்பலகை நறநறன்னுச்சி. என் கை மேல போயிருந்துது. ரெண்டு கையும். "ரோக்கோ!"ன்னு நான் கத்தின கத்துல டிப்பர் டிரைவரு டீயைக் கீழ போட்டுட்டான்.

வின்ச்சு நின்னுது. ரத்தோர் இறங்கி வந்தாரு, கடிகாரத்தைப் பாத்தாரு. ஒன்பது இருபத்தஞ்சு. "திரும்பவுமா?"ன்னாரு. தண்ணி எடுத்தது எடைக்கு அப்புறம்னு சொன்னேன். முன்னால ஒரு டன்னு குறையும், கோடு தப்புன்னு சொன்னேன். எவன் தொறந்தான்னு கேட்டாரு. நேத்து சரியா இறக்காம விட்டது நான், பொறுப்பு என்னுதுன்னேன், அது பொய் இல்லையே. ஜெபசிங்கு அந்தப் பக்கம் திரும்பிக்கினு நின்னான், தோளு ரெண்டும் குலுங்குது. ரோலரை விட்டுட்டு மத்ததை ஏத்திக்கினு போவ முடியாதான்னு கெஞ்சிப் பாத்தேன். மொத்தத் திட்டமும் இந்தப் பத்து டன்னை நடுவுல வெச்சிப் போட்டது, மறுபடி போட்டு, கையெழுத்து வாங்கி, டிப்பரை எடம் மாத்திக் கட்டின்னு அவரு விரல் விட்டுச் சொல்லிக்கினே போனாரு. சொன்னாரே தவிர முயற்சி பண்ணாம இருக்கலை, ஓடினாரு, கத்தினாரு, பேப்பரைப் புதுசா எழுதினாரு. பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி நாங்க ரோலரை நடை வேகத்துல எடை மேடைக்கு உருட்டிக்கினு போனோம், ஜெபசிங்கு ஓட்டினான், நான் முன்னால நடந்தேன், ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கலை. முன்பக்கம் மூவாயிரத்து ஐம்பது. நூலு புடிச்ச மாதிரி ஆயிரத்து ஐம்பது கிலோ குறைச்சல். நான் சொன்னது சரி. ஒன்பது வருஷத்துல நான் பயந்தது நெஜமாப் போனது இதான் மொதல் தடவை. சந்தோஷம் வரும்னு பாத்தேன், வரலை. காறித் துப்பணும்போலத்தான் இருந்துது. நாங்க திரும்பி வர்றப்போ பத்து ஐம்பது, காத்து எழும்பிடுச்சின்னு மேலேர்ந்து செய்தி வந்துட்டுதாம், பிளேனு கதவை மூடிட்டாங்க. ரத்தோர் என்கிட்ட வந்து நின்னாரு. என் கையைப் புடிச்சி அழுத்திட்டுப் போய்ட்டாரு.

அப்பால ஷெட்டுல போன் அடிச்சிது. மேலேர்ந்து. எடுக்க வேண்டியது கிளார்க்கு, நான்தான் எடுத்தேன், எவன் வாயாலயோ இது போவக்கூடாது. "பிளேன் கிளம்பிடுச்சா?"ன்னு அந்தப் பக்கம் ஒருத்தன் கேட்டான், நம்ம ஆளுதான், தமிழ்லயே. "இல்லப்பா. இன்னிக்கி வராது. நாளைக்கி காலையில மொதல் பிளேனு. நான் ஹவில்தார் தணிகாசலம் பேசறேன், நான்தான் நிறுத்தினேன்." "சிவநேசன் முழிச்சிக்கிட்டுதான் இருக்கான். எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நீங்களே சொல்லிடுங்க"ன்னு போனை அவன்கிட்ட குடுத்துட்டான். மொதல்ல மூச்சுதான் கேட்டுது. உள்ள போவும்போதும் கொழகொழன்னு, வெளிய வரும்போதும் கொழகொழன்னு. ஷெட்டு வாசல்ல ஜெபசிங்கு வந்து நின்னுகினு என்னையே பாக்கறான். தம்பின்னேன். சிவநேசான்னேன். "பிளேனு நாளைக்கித்தான்டா வருது. ராத்திரி ஒண்ணு மட்டும் தாங்கிக்கோடா." ரொம்ப நேரம் மூச்சே வந்துகினு இருந்துது. பேசறதுக்குக் காத்து சேத்துக்கினு இருக்கான்னு அப்புறம்தான் புரிஞ்சிது. "சார்," ஒரு மூச்சு. "இந்தத் தடவ," இன்னொரு மூச்சு, "நெஜமாவே கோளாறுதானா சார்?" எனக்குக் கண்ணு பொங்கிடுச்சி, அடக்க முடியலை, ஜெபசிங்கு பாத்தா பாக்கட்டும். "நெஜம்தான்டா. என் பசங்க மேல ஆணையா நெஜம்."

"அப்ப சரிங்க சார்"னான்.